பனி நாட்டுப் பெருங்கொக்குகள்

ஜப்பானின் வடகோடியில் உள்ள ஹொக்கைடோ தீவைப் பற்றி இன்று உங்களுக்குச் சில சொற்கள் கூற விரும்புகிறேன். அங்கே சப்போரோ நகரில் ஆண்டுதோறும் பிப்ரவரித் திங்களில் பனித் திருவிழா நிகழ்கிறது. கோட்டைகளும் கோபுரங்களும் வெண்பனியிலேயே எழுகின்றன. அவ்விழாவுக்கு வித்திட்டவர்கள் உங்களைப் போன்ற மாணவர்களே. 1950ஆம் ஆண்டில் ஓதோரிப் பூங்காவில் அவர்கள் ஆறு பனிச்சிலைகளைச் செய்து வைத்தனர்.

விழாவினும் என்னை வியக்க வைப்பது, கிழக்கே குஷிரோ சதுப்பு நிலத்தில் வாழும் பெருங்கொக்குகளின் வரலாறு. உச்சந்தலையில் செந்நிறம் தாங்கிய இப்பறவைகள் அந்நாட்டில் அடியோடு அற்றுப்போயின என்றே ஒரு காலத்தில் கருதப்பட்டன. 1952ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தென்பட்டவை 33 மட்டுமே. அவ்வாண்டின் கடுங்குளிரில் நீர்நிலைகள் உறைந்தன. பறவைகள் இரையின்றித் தவித்தன. அப்பகுதி மக்கள் மக்காச்சோளத்தை வாரி இறைத்துக் காத்தனர். இன்று அவை ஆயிரத்துக்கும் மேற்பட்டவை.

ஆயினும் புதியதொரு கவலை பிறந்திருக்கிறது. குளிர்காலத்தில் அவை ஒரே இடத்தில் திரண்டு உண்பதால், கொள்ளைநோய் புகுந்தால் பேரழிவு நேரலாம். ஆகவே, அவை பல இடங்களுக்குப் பரவி வாழ வேண்டும் என்று கருதி, அரசு இரையைச் சிறிது சிறிதாகக் குறைத்து வருகிறது. அன்று இறைத்த கை அன்பின் கை. இன்று குறைக்கும் கையும் அன்பின் கையே என்பது என் கருத்து.