கவாசாகி நோயும் ஸ்டீராய்டும்
ஐந்து நாளாகியும் இறங்காத காய்ச்சல், பீளை தள்ளாமலே சிவந்த கண், வெடித்த உதடு, ஸ்ட்ராபெரிபோல் சிவந்த நாக்கு. ஜப்பானிய மருத்துவர் டோமிசாகு கவாசாகி 1967இல் விவரித்த குழந்தை நோய் இது. இதயத் தமனிகள் புடைப்பதுதான் ஆபத்து. அழற்சிதானே, ஸ்டீராய்டு கொடுக்கலாமே? 1979இல் வெளியான சிறிய ஆய்வில் ஸ்டீராய்டு பெற்ற குழந்தைகளுக்குப் புடைப்பு கூடியதால், மருத்துவர்கள் வெகுகாலம் தயங்கினார்கள். அது இந்நோய்க்கு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்து வருவதற்கு முந்தைய கதை. 2012இல் ஜப்பானில், ஆபத்து மிகுந்த குழந்தைகளுக்கு இம்யூனோகுளோபுலினுடன் ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டும் சேர்த்தபோது, தமனிக் கோளாறு 3 சதவீதம், சேர்க்காதவர்களிடம் 23.

அமெரிக்காவில் 2007இல் வெளியான ஆய்வில் ஸ்டீராய்டு பலிக்கவில்லையே என்பார்கள். அங்கே கொடுத்தது ஒரே வேளை. ஆபத்தைப் பார்த்துப் பிரிக்கவும் இல்லை. ஆபத்தைக் கணிக்கும் ஜப்பானிய மதிப்பெண் முறை பிற நாட்டுக் குழந்தைகளுக்குச் சரியாகப் பொருந்துவதில்லை என்பதுதான் வலுவான ஆட்சேபம். அதற்கு மருந்து என்ன செய்யும்? முதல் இதய எக்கோ பரிசோதனையிலேயே தமனி விரிந்திருந்தாலோ, ஆறு மாதம் நிரம்பாத கைக்குழந்தையானாலோ, மதிப்பெண்ணுக்குக் காத்திராமல் ஸ்டீராய்டையும் சேர்ப்பதே நியாயம்.