மடுவின் அடிமணல்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வரும் பருவத்தில் எங்கள் கல்லூரி இளங்கலை மாணவியர்க்கு எழுத்துப் பயிற்சி வகுப்பொன்று நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்துள்ளது. கவிதை, சிறுகதை, கட்டுரை என்று பாடத்திட்டம் விரிந்து கிடக்கிறது. நான் தன்வரலாற்றிலிருந்து தொடங்குவதென்று முடிவு செய்திருக்கிறேன். இதைக் கேட்ட வட்டத்து அன்பர் ஒருவர், "இருபது வயதுப் பிள்ளைக்கு ஏதம்மா வரலாறு?" என்றார். விழாக் குழுவினர் எனக்குத் தலைப்பு எதுவும் தரவில்லை. அந்தக் கேள்வியையே தலைப்பாகக் கொள்கிறேன்.

முதல் வகுப்பில் படிக்கக் குறித்து வைத்திருப்பது புறநானூற்றின் 243ஆம் பாட்டு. நீங்கள் அறிந்த பாட்டுத்தான். கோலூன்றிய முதியவர் ஒருவர் இருமலுக்கிடையே சில சொல் சொல்கிறார். மணலில் பாவை செய்து பூச்சூட்டியதும், நீர்மேல் தாழ்ந்த மருதக்கிளையில் ஏறிக் கரையில் நின்றோர் வியக்க மடுவில் குதித்ததும், அடியிலிருந்து மணலை அள்ளி வந்து காட்டியதும் அவர் நினைவில் எழுகின்றன. பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிட்டவில்லை. பாட்டில் வரும் கைத்தடியே பெயராகித் தொடித்தலை விழுத்தண்டினார் ஆனார். எனக்கு அந்த மணல் முக்கியம். ஆழத்துக்குப் போய் வந்தேன் என்று வாயால் சொன்னால் கரையிலிருப்பவர் நம்பமாட்டார். கையில் மண் இருக்க வேண்டும். தன்வரலாறு எழுதுவோர்க்கு இதைவிடத் தெளிவான இலக்கணத்தை நான் கண்டதில்லை. கவிஞர் நிறைந்த அவையில் இன்னொன்றும் சொல்லலாம்: இது உரைநடைக்காரர் கொண்டுவந்த சரக்கு அன்று. பாரதியும் தம் வரலாற்றைச் செய்யுளில்தான் பாடினார்.

அடுத்து உ.வே.சா. ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' எழுதத் தொடங்கிய 1940இல் ஐயருக்கு அகவை எண்பத்தைந்தை நெருங்கியிருந்தது. 1942இல் அவர் மறைந்தபோது நூல் நிறைவுறவில்லை, 1950இல்தான் புத்தகமாயிற்று. அதிலிருந்து ஒரே ஒரு நாளை எடுத்துக்கொள்ளப் போகிறேன்: 1880 அக்டோபர் 21. கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் செல்கிறார். தாம் கற்ற அந்தாதிகளையும் கலம்பகங்களையும் பிள்ளைத்தமிழ்களையும் வரிசையாகச் சொல்கிறார். முதலியார் முகத்தில் வியப்பே இல்லை. சிந்தாமணி படித்ததுண்டா என்பதே அவர் கேள்வி. பின்னாளில் பழந்தமிழ் நூல்களை மீட்டுத் தந்தவர், தாம் அவற்றை அறியாதிருந்த நாளை, அறுபது ஆண்டு கழித்து, தேதியோடு எழுதி வைக்கிறார். வெற்றியை எழுத எவராலும் இயலும். முதலியாரின் அந்த வியப்பில்லாத முகத்தை எழுதியதில்தான் ஐயர் எழுத்தாளராகிறார் என்பது என் கருத்து.

இங்கே நம் பக்கத்து ஊர் நினைவுக்கு வருகிறது. திருப்பெரும்புதூரில் உள்ள இராமாநுசர் வடிவத்தைத் 'தானுகந்த திருமேனி' என்பது வைணவ மரபு. மேல்கோட்டையில் இருப்பது 'தமருகந்த திருமேனி'. மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரத்தை மாணாக்கராகிய ஐயர் எழுதியது தமருகந்தது. 'என் சரித்திரம்' தானுகந்தது. தானுகந்ததில் ஓர் ஆபத்து உண்டு. நாமே உகந்து நாமே மாலையும் போட்டுக்கொள்வோம். பெயர்கள் வேண்டாம், இவ்வகை நூல்கள் நம் அலமாரிகளில் நிறையவே உள்ளன.

இனி அன்பரின் கேள்விக்கு வருகிறேன். என் வகுப்பில் அமரப்போகும் பிள்ளைகள் பலர் 2006ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். அவ்வாண்டில் திருப்பெரும்புதூரில் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 2014 நவம்பரில் அங்கே உற்பத்தி நின்றது. ஓர் ஆலை வந்து, ஊரை மாற்றி, ஓய்ந்ததை மூன்றாம் வகுப்பு முடிப்பதற்குள் கண்டுவிட்டவர்கள் இவர்கள். சுங்குவார்சத்திரம் என்ற பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. வழிப்போக்கர் தங்கிய இடம். இன்று தொலைமாவட்டப் பெண்கள் கம்பெனி பஸ்ஸில் வந்திறங்கித் தங்குகிறார்கள். வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அந்த எண் எல்லார்க்கும் தெரியும். அங்கே முதல் இரவு தூக்கம் வராமல் கிடந்தவள் எதை நினைத்துக் கிடந்தாள் என்பதை அவளே எழுதினாலன்றித் தெரியாது. 2021 டிசம்பரில் விடுதி உணவால் தோழியர் நோயுற, பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். 2024இல் சாம்சங் தொழிலாளர் சங்க உரிமை கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். செய்தித்தாள்கள் எழுதின. பந்தலில் அமர்ந்திருந்தவர் வீட்டில் அந்நாள்களில் அடுப்பு எப்படி எரிந்தது என்று எழுதுவது செய்தித்தாளின் வேலையன்று. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது வாடியாவோடு நின்ற திரு.வி.க., 1944இல் தம் 'வாழ்க்கைக் குறிப்புக்க'ளை வெளியிட்டார். அதனால் அக்காலத்து ஆலை வாழ்வை உள்ளிருந்து ஓரளவேனும் அறிகிறோம்.

சென்ற ஆண்டு ஒரு மாணவி எழுதிய நான்கு வரியைக் கருத்தளவில் சொல்கிறேன். நிலம் போன பின்னும் அவள் தாத்தா விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, மடை திறக்கப் போகிறவர்போல் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, திண்ணையில் உட்கார்ந்திருப்பாராம். அதற்குமேல் அவள் எழுதவில்லை. இது மடுவடி மணல் இல்லையா?

ஆனால் என்னை உறங்கவிடாத செய்தி வேறு. இம்மாணவியரில் சிலர் விடுமுறையில் ஆலைக்குப் போகிறவர்கள். சிலர்க்கு அக்காள் அங்கே வேலை பார்க்கிறாள். உண்மையை எழுது என்று நான் சொல்லிவிடலாம். எழுதியதால் ஒரு வேலை போனால், ஒரு திருமணம் நின்றால், நானா ஈடு செய்வேன்? இதற்குத் தொல்காப்பியம் எனக்குக் கைகொடுக்கிறது. அகப்பாட்டில் எவரையும் பெயர் சுட்டலாகாது என்று வகுத்தார்கள். ஆயினும் தலைவியின் துயரில் ஓர் அணுவும் குறையவில்லை. ஆகவே பெயரில்லாமல் எழுதலாம். ஏடு மாணவிக்கே உரியது. அவள் இசைவின்றி எவர்க்கும் காட்டப்படாது, அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படாது.

மொழி பற்றியும் கேட்பார்கள். "அம்மா, வீட்டுல பேசுற மாதிரி எழுதலாமா?" என்று வரும் கேள்விக்கு, 1992இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு' விடை சொல்லிவிட்டது. பேச்சுத் தமிழ் அங்கே சலுகையாக நுழையவில்லை. நூலே அதில்தான் நிற்கிறது. செந்தமிழ் கற்பிக்கச் சம்பளம் வாங்கும் நான் இதைச் சொல்வதில் முரண் எதுவும் இல்லை. முதல் இரண்டு வாரம் 'அவலம்', 'கண்ணீர்', 'ஏக்கம்' ஆகிய சொற்களுக்கு மட்டும் தடை. சாப்பாட்டு டப்பா, அடையாள அட்டையின் கயிறு, இரவு ஷிப்ட் முடித்து வருவோர்க்காக எடுத்து வைக்கும் சோறு, இவற்றில் ஒன்றைப் பற்றி ஒரு பக்கம்.

மதிப்பெண் எப்படி இடுவது என்பது இன்னும் தீரவில்லை. தாத்தாவின் துண்டுக்கு நூற்றுக்கு எத்தனை? மொழிக்கு இடலாம், வாழ்வுக்கு இடமுடியாது. துறைத்தலைவரிடம் இதுபற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

வட்டத்திடம் இரண்டு வேண்டுகோள். இப்பக்கத்து ஏரிகளையும் கால்வாய்களையும் கழனிகளையும் கண்ணால் கண்ட மூத்த உறுப்பினர்கள் ஒரு பிற்பகல் வகுப்புக்கு வந்து, அவற்றின் பெயர்களைச் சொல்ல வேண்டும், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். மாணவியர் இசைந்து தரும் ஏடுகளை வைக்க நம் நூலகத்தில் பூட்டுள்ள அலமாரி ஒன்று ஒதுக்க வேண்டும். சாவி ஒரு பெண் உறுப்பினரிடம் இருக்கட்டும்.