மனசுக்கு விழும் அடி

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



வீட்டுக்குள் நடக்கும் வன்முறையைப் பற்றி ஓர் என்ஜினீயர் ஏன் பேச வேண்டும் என்று நினைப்பீர்கள். மெஷின் டிசைன் வகுப்பில் 'ஃபெடீக்' படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ஒரே அடியில் உடைக்கும் பளு தேவையில்லை. சின்னப் பளு திரும்பத் திரும்ப விழுந்தாலே உலோகம் விரிசல் விடும். 1954இல் இரண்டு காமெட் விமானங்கள் நடுவானில் சிதறியது இப்படித்தான். வெளிப் பார்வைக்கு எதுவும் தெரியாது.

தினமும் அடியும் வசவும் வாங்குகிற பெண்ணின் மனசும் அப்படித்தான். கேட் திறக்கும் சத்தத்துக்கே நெஞ்சு படபடக்கும். தூக்கம் போய்விடும். "உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று நித்தம் கேட்டால், ஒரு நாள் அவளே அதை நம்பிவிடுவாள். 'நம்ம மேலதான் தப்பு' என்று தோன்றும். மனச்சோர்வு வரும், சாக வேண்டும் என்ற எண்ணம்கூட வரும். அடி வாங்காமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிற பிள்ளைக்கும் அந்தப் பயம் படிப்பிலும் தூக்கத்திலும் தெரியும்.

"அப்புறம் ஏன் விட்டுட்டு வரலை?" என்று சுலபமாகக் கேட்கிறோம். அமெரிக்க மனநல அறிஞர் லெனோர் வாக்கர் 1979இல் எழுதிய நூலில், இறுக்கம், அடி, பிறகு மன்னிப்பும் கொஞ்சலும் என்று ஒரு சுழற்சியைக் காட்டினார். நாமோ 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்று பழமொழியே வைத்திருக்கிறோம்! அந்த அணைப்புதான் அவளைக் கட்டிப் போடுகிறது. கூடவே கையில் காசில்லை, பிள்ளைகள், நாலு பேர் பேச்சு.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மணமான பெண்களில் 100க்கு 29 பேர் கணவனிடம் அடியோ பாலியல் கொடுமையோ பட்டவர்கள். தமிழ்நாட்டில் 38. வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடியவர்கள் நாடு முழுவதும் 100க்கு 14 பேர்தான்.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடியை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. குழந்தை இல்லை, ஆண் குழந்தை இல்லை என்று குத்திக் காட்டுவதும், செலவுக்குப் பணம் தராமல் வதைப்பதும் வன்முறைதான். பாதிக்கப்பட்டவர்தான் போக வேண்டும் என்றில்லை. விஷயம் தெரிந்த யாரும் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது வழக்கு வராது. 181 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள்.

உலோகத்தில் விழுந்த விரிசல் தானாக மூடாது. மனுஷ மனசு அப்படியல்ல. நம்பிக் கேட்க ஒரு ஆள் கிடைத்தால் மெல்ல ஆறும். நம்மோடு படித்த தோழியோ, கூடப் பிறந்தவளோ வாய் திறந்தால், "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று சொல்லி அனுப்பாதீர்கள். "நான் நம்பறேன், உன் மேல தப்பில்லை, இப்ப என்ன வேணும் சொல்லு" என்று கேளுங்கள். தம்பிகளே, நாளை உங்கள் வீட்டில் கதவுச் சத்தம் கேட்டு யாரும் பயப்படக் கூடாது. அதுவும் ஒரு டிகிரிதான்.