ஆறுதலாய்க் கதைப்போம்

யாழ்ப்பாணத்துப் பேச்சிலே ‘ஆறுதல்’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. “ஆறுதலாய் வா” என்றால் அவசரப்படாமல் வா என்பது பொருள். “ஆறுதல் சொன்னார்” என்றால் துயரைத் தணித்தார் என்பது பொருள். அவசரக்காரனால் எவருக்கும் ஆறுதல் சொல்ல இயலாது. இன்று நாம் சொல்ல விரும்புவது இவ்வளவே.

நம் முன்னோர் ஆறுதலாய்க் கதைப்பதற்கென்றே இடங்கள் அமைத்தனர். வீட்டு வாயிலிலே கூரையும் திண்ணையும் வைத்துச் சங்கடப்படலை கட்டி, வழிப்போக்கருக்குத் தண்ணீரும் வைத்தனர். பருத்தித்துறையில் தெருவுக்கு மேலேயே கூரையிட்டு, இருபுறமும் திண்ணை அமைத்த தெருமூடி மடத்தை இன்றும் காணலாம். தோட்டக் கிணற்றில் ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடிக்க, ஒருவர் பாத்திக்குத் தண்ணீர் மாற்றினார். மூவர் கூடிய இடத்தில் கதை பிறவாதிருக்குமா? கிடுகு வேலியிலும் ஒரு பொட்டு இருந்தது. அதன் வழியே கறிக்கிண்ணம் போயிற்று, சுகசெய்தி வந்தது.

துலாவின் இடத்தை யந்திரம் பிடித்தது. வேலியின் இடத்தை மதில் பிடித்தது. யந்திரத்தால் முதுகு பிழைத்தது. மதிலால் கள்ளர் பயம் குறைந்தது. இவற்றைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆனால் மதிலில் பொட்டு இல்லை என்பதை மறத்தலாகாது.

அந்நாளைத் திண்ணைகளில் எல்லோரும் சமமாக இருக்கவில்லை என்பதையும் மறைத்தல் நேர்மையன்று. சாதியின் பெயரால் முற்றத்திலே நிறுத்தப்பட்டோர் பலர். நாம் மீட்க வேண்டியது திண்ணையை. அதன் பழைய வரம்பையன்று.

இன்று இதனை ஏன் பேசுகிறோம்? 1995 ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வீடுகளை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தனர். அயலட்டை சிதறியது. 2009 இல் யுத்தம் முடிந்த பின்னரும் பலர் திரும்பவில்லை. பிள்ளைகள் கடல்கடந்து வாழ, பெரிய வீட்டிலே தனித்திருக்கும் முதியோர் நம் ஒழுங்கைகள் எங்கும் உளர். அத்தகைய ஆச்சி ஒருவரைப் படலையில் நின்றபடியே “சுகமோ?” என்று கேட்டால், “சுகம், தம்பி” என்பார். விறாந்தையில் இருந்து, தேத்தண்ணீர் குடித்து, பேச்சு மழையிலும் மாங்காயிலும் சுற்றிவந்த பின்னரே, “இரவிலே நெஞ்சு நோகுது” என்பார். அலுவலாய்ப் போனவனிடம் அலுவலையே சொல்வார்கள். சும்மா போனவனிடமே மனத்தைத் திறப்பார்கள்.

இது வீண்கதையல்லவா என்று சிலர் கேட்கலாம். மணியடிக்க எழுந்து, மணியடிக்கப் படித்த மிஷன் பள்ளிக்கூடத்து மாணவர் நாம். நேரத்தின் அருமையை அப்பள்ளிகள் நமக்குக் கற்பித்தன, அதற்கு நன்றியுடையோம். திருவள்ளுவரும் புறங்கூறாமையை 19 ஆம் அதிகாரத்திலும், பயனில சொல்லாமையை 20 ஆம் அதிகாரத்திலும் வைத்தார். ஆனால் அவற்றுக்கு முன்னரே விருந்தோம்பலை 9 ஆம் அதிகாரமாகவும், இனியவை கூறலை 10 ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து வைத்தார். பிறர் குடியைக் கெடுக்கும் பேச்சு வேறு. பிறர் தனிமையைப் போக்கும் பேச்சு வேறு. பின்னதற்குச் செலவான நேரம் எக்கணக்கிலும் நட்டமாகாது.

வாலிப அன்பர்களே! கிழமைக்கு ஒரு மாலை, ஒரு மணி நேரம், அயலில் ஒரு வீடு. கைத்தொலைபேசியை வீட்டிலே வைத்துவிட்டுப் போவோம். நன்கொடைப் புத்தகத்தோடு போக வேண்டாம். புத்திமதியோடும் போக வேண்டாம். பெரியோர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள்: நாங்கள் வந்தால் சோதனைப் பெறுபேற்றை மாத்திரம் விசாரியாது, உங்கள் வாலிபக் கதைகளையும் சொல்லுங்கள்.

“என்ன அலுவலாய் வந்தனீங்கள்?” என்று கேட்பார்கள். “சும்மா வந்தனாங்கள்” என்போம். நம் ஊரிலே அதைவிட நல்ல அலுவல் இல்லை.