மரங்களின் மொழி

(யட்டவத்தவில் வாலிபர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



மரம் பேசுமா என்று கேட்டால் சிலர் நகைப்பர். நாவும் செவியும் இல்லாத மரத்துக்குப் பேச்சு ஏது? ஆயினும், அயலிலே நடப்பதை மரம் உணர்கின்றது என்பதற்கு விஞ்ஞானம் சான்று தருகின்றது. 1983ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே போல்ட்வின், ஷுல்ட்ஸ் என்னும் இருவர் சில மரக்கன்றுகளின் இலைகளைக் கிழித்துப் பார்த்தனர். அதே காற்றிலே நின்ற, கிழிபடாத கன்றுகளும் பூச்சிகளுக்கு ஒவ்வாத பொருள்களைத் தம் இலைகளில் பெருக்கிக்கொண்டன. 1997இல் கனடாவிலே சுசான் சிமார்ட் என்னும் பெண்மணி, பேர்ச் மரத்தின் கரிச்சத்து அயலிலுள்ள பிர் மரத்தை அடைவதைக் காட்டினார். வேர்களைப் பிணைக்கும் பங்கசு இழைகளே அதற்கு வழி என்பது அவர் கருத்து. இவ்வுதவி எத்துணைப் பெரிது என்பதில் அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். ஆதலின், மரங்கள் மனிதரைப்போல் உரையாடுகின்றன என்று நாம் மிகைப்படுத்த வேண்டா. தனிமரம் தோப்பாகாது என்னும் பழமொழியின் உட்பொருளை அறிந்தாற் போதும்.

நண்பர்களே! காடு என்பது பல்லினம் கூடிவாழும் ஊர். அவ்வூரை அழித்தால் என்ன நேரும் என்பதற்கு நமது மாத்தளைச் சீமையே சாட்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இம்மலைக் காடுகள் வெட்டப்பட்டுக் கோப்பி ஒன்றே நடப்பட்டது. அக்கோப்பிக்காகவே நம் முன்னோர் மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தனர். வழியில் மாண்டோர் பலர். 1869இல் கோப்பியிலே இலைத்துரு நோய் கண்டது. 1880இல் அதனை ஆராய வந்த மார்ஷல் வார்ட் என்பார், ஒரே பயிரை இடைவிடாது நட்டமையே நோய் பரவ வாய்ப்பாயிற்று என விளக்கினார். காற்றிலே வந்த நோய்வித்தைத் தடுக்க இடையிலே வேற்று மரங்கள் இல்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் கோப்பித் தொழில் வீழ்ந்தது. வேலையிழந்து அல்லலுற்றவர் நம்மவர்.

எஞ்சிய காட்டின் அருமையை இன்று உலகமே அறியும். மாத்தளைக்குக் கிழக்கேயுள்ள நக்கிள்ஸ் மலைக்காடு 2010இல் உலக மரபுரிமைச் சொத்தில் இடம்பெற்றது. அங்கே பிறக்கும் ஓடைகள் மகாவலியைச் சேர்ந்து தூரத்து வயல்களையும் வளர்க்கின்றன.

ஆலயந்தோறும் தல விருட்சம் வைத்துப் போற்றிய மரபினர் நாம். அப்பக்தி ஆலய மதிலோடு நின்றுவிடலாகாது. வாலிபர்களே! இவ்வாண்டு நம்மூர் ஓடைக்கரையிலே மருதும் நாவலும் பலாவும் கலந்து நடுவோம். நட்டதோடு நில்லாது, வேர் பிடிக்கும்வரை நீர் வார்த்துக் காப்போம். அம்மரங்கள் ஒன்றோடொன்று என்ன பேசும் என்பதை நாம் அறியோம். நம் பிள்ளைகளுக்கு நிழலும் நீரும் தரும் என்பதை அறிவோம்.