மகளும் பங்காளிதான்



ஆந்திரத்தில் பிறந்த ஒரு சட்டத்தின் கதை சொல்கிறேன். நிலத்தைப் பற்றிய கதை. இந்துக் குடும்பங்களுக்கான சட்டம் இது.

1956-ல் இந்து வாரிசுச் சட்டம் வந்தது. அப்பா சம்பாதித்த நிலம் இருக்கிறது. அவர் உயில் எழுதாமல் இறந்தார். அதில் மகளுக்கும் சம பங்கு என்றது சட்டம். நல்லதுதான். ஆனால் பாட்டன் வழி வந்த நிலம்? அதில் மகன் பிறந்தவுடனே பங்காளி. மகள் பங்காளி இல்லை. அப்பாவின் பங்கில் ஒரு துண்டுதான் அவளுக்கு. கிராமத்தில் பாட்டன் நிலம்தானே அதிகம்!

ஆந்திரப் பிரதேசம் இதை மாற்றியது. மகளும் பிறப்பாலே பங்காளி என்றது. 1985 செப்டம்பர் 5 முதல் அது செல்லும். அதற்கு முன் மணமான பெண்ணுக்குப் பங்கு இல்லை. ஒரே வீட்டில் தங்கைக்கு உண்டு, அக்காவுக்கு இல்லை. இது என்ன நியாயம்?

1989-ல் தமிழ்நாடும், 1994-ல் கர்நாடகமும் மகாராஷ்டிரமும் இதே போல் சட்டம் செய்தன. 2005-ல் நாடு முழுவதற்கும் வந்தது. அந்த அக்காவுக்கும் பங்கு கிடைத்தது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன் முறைப்படி பாகம் பிரித்திருந்தால் அதை மாற்ற முடியாது. பாகம் பிரியாத நிலமா? அப்பா 2005-க்கு முன்பே இறந்திருந்தாலும் மகளுக்குப் பங்கு உண்டு. 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது.

அண்ணன் தம்பிகள் ஒரு தாளை நீட்டுவார்கள். "சும்மா ஒரு கையெழுத்து" என்பார்கள். அது விடுதலைப் பத்திரமாக இருக்கலாம். உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம் அது. கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம். கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு வரியாக வாசியுங்கள். இப்போது உங்களுக்கு வாசிக்கத் தெரியுமே!