பழைய காரின் கியர் எண்ணெய்: மாற்றலாமா, கூடாதா?

(துறைமுகத்தைக் காண வந்திருந்த ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் குழுவினருக்குப் போர்ட் கிள்ளானில் தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று காலை இத்துறைமுகத்தைச் சுற்றிப் பார்த்தீர்கள். 1901ஆம் ஆண்டில் போர்ட் சுவெட்டன்ஹாம் என்னும் பெயருடன் திறக்கப்பெற்று, 1972ஆம் ஆண்டில் போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாற்றம் பெற்ற துறைமுகம் இது. நம் முன்னோர் பலர் கப்பலிலிருந்து இறங்கிக் கால் பதித்த மண்ணும் இதுவே. அவர்கள் வெட்டிய பால் ரப்பராகிக் கப்பலேறிய கரையும் இதுவே.

இங்கு வந்து நிற்கும் கப்பல் ஒவ்வொன்றிலும் ஒரு பொறியாளர் இருக்கிறார். இயந்திரம் எத்தனை மணி நேரம் ஓடியது, எண்ணெய் எப்போது மாற்றப்பட்டது என்பதை அவர் ஏட்டில் குறித்து வைக்கிறார். எண்ணெயில் சிறிது எடுத்துச் சோதனைக்கு அனுப்புவதும் உண்டு. நடுக்கடலில் இயந்திரம் நின்றால் உதவிக்கு ஆள் கிடைப்பது அரிது என்பதை அவர் அறிவார்.

நமது காரும் நமக்கு ஒரு கப்பலே. முற்காலத்தில் தோட்டத்தில் கார் என்றால் அது துரையுடையதாகவோ கிராணியுடையதாகவோ இருக்கும். 1985ஆம் ஆண்டில் புரோட்டோன் சாகா வந்தது. 1993இல் வீரா, 1994இல் பெரோடுவா கஞ்சில், 2005இல் மைவி என வரிசையாக வந்தன. இன்று லயத்தின் வாசலிலும் கார் நிற்கிறது. ஆனால் அவற்றுள் பல, பிறர் ஓட்டிக் கழித்த பின் நாம் வாங்கியவை. கஞ்சில் உற்பத்தி 2009ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. ஆகவே இன்று ஓடும் கஞ்சில் எதுவாயினும் அது பதினைந்து வயதைக் கடந்த வண்டியே. ஒரு லட்சம், இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய இவ்வண்டிகளில்தான் நம் பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள். நள்ளிரவில் நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறோம்.

இவ்வண்டிகளுள் தானியங்கிக் கியர் உள்ளவற்றைப் பற்றி ஒரு கேள்வி நம்மிடையே நெடுங்காலமாக உலவுகிறது. “பழைய வண்டியின் கியர் எண்ணெயை மாற்றலாமா, கூடாதா?” என்பதே அது. “மாற்றினால் கியர் போய்விடும், ஓடும் வண்டியைத் தொடாதே” என்பார் சிலர். இந்த அச்சத்தில் ஒரு துளி உண்மை உண்டு. அந்தத் துளியோடு பெரும் தவறும் கலந்திருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே இன்றைய உரையின் நோக்கம்.

முதலில் நமது அனுபவம் ஒன்றைச் சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நாம் பழைய தானியங்கிக் கார் ஒன்றை வைத்திருந்தோம். காலையில் பின்னோக்கி எடுக்கக் கியரைப் போட்டால், ஓரிரு நொடி தயங்கிய பின்னரே வண்டி அசையும். பட்டறை ஒன்றில் கேட்டபோது, “ஓடும்வரை ஓட்டுங்கள், எண்ணெயைத் தொடவேண்டா” என்றனர். நாமும் அதை ஏற்றோம். ஒருநாள் மாலை, பிள்ளைகளுடன் கூட்டரசு நெடுஞ்சாலையில் கிள்ளானை நோக்கி வந்துகொண்டிருந்தபோது இயந்திரம் உறுமியது, வண்டியோ நகரவில்லை. இருபுறமும் கொள்கலன் லாரிகள் விரைய, பிள்ளைகளைக் கைப்பிடித்துச் சாலையோரம் இறக்கிய அந்த நிமிடங்களை இன்றும் மறக்க இயலவில்லை. பின்னர்க் கியர்ப்பெட்டியைத் திறந்தபோது, சிவந்திருக்க வேண்டிய எண்ணெய் கறுப்புக் கோப்பிபோல் இருந்தது. சில நூறு வெள்ளியில் முடிந்திருக்கக்கூடிய வேலை சில ஆயிரம் வெள்ளியில் முடிந்தது. பிள்ளைகளின் படிப்புக்கென ஒதுக்கிய பணத்தில் கை வைக்க நேர்ந்தது.

கியர் எண்ணெய் செய்யும் வேலைதான் என்ன? கைக்கியர் வண்டியில் அது பெரும்பாலும் பற்சக்கரங்களுக்கு வழவழப்பு ஊட்டுகிறது. தானியங்கிக் கியரிலோ அதற்கு நான்கு வேலைகள். இயந்திரத்தின் விசையைச் சக்கரத்தின் பக்கம் கடத்துகிறது, அழுத்தத்தால் உள்ளிருக்கும் கிளட்ச் தகடுகளை இறுக்கியும் தளர்த்தியும் கியரை மாற்றுகிறது, தேய்மானத்தைத் தடுக்கிறது, வெப்பத்தைச் சுமந்து சென்று வெளியேற்றுகிறது. எண்ணெயே அங்கு வேலையாள்; எண்ணெயே அங்கு கங்காணி.

இவ்வெண்ணெய் வழுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும். பற்சக்கரங்கள் வழுக்கிச் சுழல வேண்டும். கிளட்ச் தகடுகளோ வழுக்காமல் ஒன்றையொன்று பற்ற வேண்டும். இந்த நுட்பமான சமநிலைக்காகவே அதில் பல மருந்துப் பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. முழுத் தானியங்கிக் கியரை அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மோபில் வண்டிகள் 1939ஆம் ஆண்டில் பெருமளவில் அறிமுகப்படுத்தின. பிற்காலத்தில், 1970களின் தொடக்கம் வரை, இவ்வெண்ணெய்களில் திமிங்கிலக் கொழுப்பெண்ணெய் கூடச் சேர்க்கப்பட்டது என்பது வியப்பூட்டும் செய்தி. திமிங்கிலங்களைக் காக்கச் சட்டம் வந்த பின்னரே வேறு பொருள்கள் அவ்விடத்தைப் பிடித்தன.

பால்மரத் தொழிலாளராகிய உங்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுவதில்லை. மங்கில் இறங்கிய பாலை நேரத்தில் எடுக்காமல் வெயிலில் விட்டால் என்னவாகும்? கெட்டுக் கட்டியாகும். கியர் எண்ணெயும் அவ்வாறே வெப்பத்தால் கெடுகிறது. அதிலுள்ள மருந்துப் பொருள்கள் தேய்கின்றன. கிளட்ச் தகடுகளின் தூள் அதில் கலக்கிறது. உள்ளிருக்கும் ரப்பர் வளையங்களும் வெப்பத்தால் இறுகி விறைக்கின்றன. அவை நாம் வெட்டும் பாலில் செய்தவை அல்ல. பால் ரப்பர் எண்ணெயில் ஊறினால் பருத்துத் தளர்ந்துவிடும். ஆதலால் எண்ணெயைத் தாங்கும் செயற்கை ரப்பரையே அங்கு வைக்கிறார்கள்.

இத்துறைமுகச் சாலைகளில் லாரிகளுக்குப் பின்னால் நின்று நின்று நகரும் வண்டிக்கு வெப்பம் இன்னும் மிகுதி. பல வண்டிகளுக்கு 40,000 முதல் 80,000 கிலோமீட்டருக்குள் எண்ணெய் மாற்றும்படி கையேடுகள் கூறுகின்றன. கடுமையான ஓட்டத்திற்கு அதனினும் குறைவான கணக்கு உண்டு. நெரிசலும் வெப்பமும் மிகுந்த நமது ஓட்டம் கடுமையான ஓட்டமே என்று கொள்க.

இனி, அந்த அச்சத்திற்கு வருவோம். எண்ணெய் மாற்றிய சில நாளில் கியர் போனதுண்டா? உண்டு. காரணம் யாது? பலர் எண்ணெய் மாற்றச் செல்வதே கியர் வழுக்கத் தொடங்கிய பிறகுதான். அப்போது கிளட்ச் தகடுகள் முன்னரே தேய்ந்திருக்கும். நோய் முற்றிய பின் மருந்து கொடுத்துவிட்டு, மருந்தே கொன்றது என்று சொல்வதற்கு ஒப்பானது இது. மற்றொரு காரணமும் உண்டு. பொறி வைத்து அழுத்தத்துடன் பழைய எண்ணெய் முழுவதையும் ஒரே நேரத்தில் அலசி வெளியேற்றும்போது, பல்லாண்டு படிந்த அழுக்குக் கிளம்பி நுண்ணிய எண்ணெய் வழிகளை அடைக்கக்கூடும். அச்சத்தில் இருக்கும் உண்மைத் துளி இதுவே.

ஆகவே வண்டியின் நிலையை அறிந்து முடிவு செய்க. கியர் சீராக மாறுகிறது, எண்ணெய் சிவப்பு மங்கிப் பழுப்பாகியுள்ளது, ஆனால் கருகல் வாடை இல்லை எனில், தயங்காமல் மாற்றலாம். முன்னர் எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டாலும் மாற்றலாம். ஆனால் சிறிது சிறிதாக மாற்ற வேண்டும். எண்ணெய் கறுத்துக் கருகல் வாடை வீசுகிறது, கியரும் வழுக்குகிறது எனில், எண்ணெய் மாற்றம் அதைக் குணப்படுத்தும் என்று நம்பிப் பணம் செலவிடாதீர்கள். தேர்ந்த பட்டறையில் காட்டி, பழுதுபார்க்கும் செலவையும் வண்டியின் விலையையும் ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது நிலை ஒன்றும் உண்டு. 2021ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் பெருவெள்ளம் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவையும் கிள்ளான் வட்டாரத்தையும் சூழ்ந்தபோது எண்ணற்ற கார்கள் மூழ்கின. வெள்ளத்தில் மூழ்கிய வண்டி பின்னர்க் கழுவித் துடைக்கப்பட்டு விற்பனைக்கு வருவது உண்டு. பழைய காரை வாங்குமுன் கியர் எண்ணெயைப் பாருங்கள். அது திருமண விருந்தில் கொடுக்கும் பண்டோங் பானம்போல் வெளிறிய இளஞ்சிவப்பாக இருந்தால், அதில் தண்ணீர் கலந்துள்ளது. ரேடியேட்டரின் உள்ளே கசிவு இருந்தாலும் இவ்வாறு ஆகும். அத்தகைய வண்டியை வாங்காதீர்கள். உங்கள் வண்டியே அவ்வாறிருந்தால் ஓட்டாமல் உடனே பட்டறையில் காட்டுங்கள்.

சிறிது சிறிதாக மாற்றுவது எவ்வாறு? கியர்ப்பெட்டியின் அடியிலுள்ள வடிதிருகைக் கழற்றினால் எண்ணெய் முழுவதும் வந்துவிடாது. பெரும்பகுதி ‘டார்க் கன்வெர்ட்டர்’ எனப்படும் குடம்போன்ற உறுப்பிலும் குழாய்களிலும் தங்கிவிடும். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரையே வடியும். கணக்கு எளிதாக இருப்பதற்காக, மொத்தம் 6 லிட்டர், வடிவது 3 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதல் முறை 3 லிட்டர் புது எண்ணெய் ஊற்றினால், பழையது 3 லிட்டர் எஞ்சும். சில நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் மீண்டும் மாற்றினால் பழையது ஒன்றரை லிட்டராகக் குறையும். மூன்றாம் முறை முக்கால் லிட்டரே. அழுக்கு மெல்ல மெல்ல வெளியேறும்; பெட்டிக்கும் அதிர்ச்சி இல்லை. செலவையும் இரண்டு மூன்று சம்பளங்களில் பகிர்ந்துகொள்ளலாம்.

வடித்ததை அளந்து, அதே அளவு ஊற்றுவது முதல் விதி. வடிதிருகிலோ தட்டிலோ உள்ள காந்தத்தைப் பாருங்கள். அதில் மெல்லிய சாம்பல் நிறப் பசை இருந்தால் அது வழக்கமான தேய்மானம். உலோகத் துண்டுகள் இருந்தால் உள்ளே பெரும் பழுது. கழற்றக்கூடிய வடிகட்டி இருப்பின் அதையும் கவனிக்கச் சொல்லுங்கள். பின்னர்ச் சமதரையில் நிறுத்தி, பஞ்சு உதிராத துணியால் அளவுகோலைத் துடைத்து அளவு பாருங்கள். பல வண்டிகளில் இயந்திரம் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும். சிலவற்றில் நிறுத்திய பின் பார்க்க வேண்டும். சிலவற்றில் அளவுகோலே இராது. கையேடு சொல்லும் முறையே முறை. எண்ணெய் குறைந்தாலும் கேடு. மிகுந்து நுரைத்தாலும் கேடு. நீங்களே செய்வதாயின், ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் நுழையாதீர்கள். உயிரைவிடக் கியர் பெரிதன்று.

எந்த எண்ணெய் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எல்லாச் சிவப்பு எண்ணெயும் ஒன்றல்ல. வண்டியின் பெயர் ஒன்றாக இருப்பதாலும் எண்ணெய் ஒன்றாகிவிடாது. 2011ஆம் ஆண்டில் வந்த சாகா எப்.எல்.எக்ஸ் வண்டியில் உலோகப் பட்டையால் இயங்கும் சி.வி.டி. வகைக் கியர் இருந்தது. 2019ஆம் ஆண்டுச் சாகாவில் அதற்கு மாறாக நான்கு படித் தானியங்கிக் கியர் வந்தது. 2005ஆம் ஆண்டு மைவியில் இருந்தது நான்கு படிக் கியர். 2021ஆம் ஆண்டு இறுதியில் வந்த மைவியில் இருப்பது சி.வி.டி. ஒன்றன் எண்ணெயை மற்றொன்றில் ஊற்றினால் பட்டை வழுக்கிப் பெட்டியே பாழாகும். ஆதலால் கையேட்டிலுள்ள எண்ணெய்க் குறியீட்டைத் தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள். பட்டறையில் திறக்கும் போத்தலில் அதே குறியீடு உள்ளதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டா. பணம் உங்களுடையது.

வடித்த பழைய எண்ணெயைக் கால்வாயிலோ, கறையான் புற்றிலோ, புல்லின் மீதோ ஊற்றும் பழக்கத்தை விட்டொழியுங்கள். 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிமுறைகளின்கீழ்ப் பழைய வழவழப்பு எண்ணெய் தனிக் குறியீடு பெற்ற கழிவாகும். கால்வாயில் ஊற்றுவது ஆற்றுக்குப் போகும். ஆறு இக்கடலுக்கு வரும். மூடியுள்ள கலத்தில் சேர்த்துப் பட்டறையிலேயே கொடுத்துவிடுங்கள். பால் சுமக்கும் வாளியிலோ தோம்பிலோ எண்ணெயை வடிக்கவே கூடாது.

நிறைவாக ஒரு வேண்டுகோள். பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகம் ஒன்றைக் காரில் வையுங்கள். நாள், ஓடிய கிலோமீட்டர், ஊற்றிய எண்ணெயின் பெயர், அளவு ஆகிய நான்கையும் அதில் எழுதுங்கள். கைவராதவர்கள் பள்ளி செல்லும் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். பிள்ளைக்கும் அது நல்ல பாடமாகும். நெடுஞ்சாலையில் நாம் கற்ற பாடத்தை நீங்கள் இந்த நாற்காலியில் அமர்ந்தபடியே கற்றுச் சென்றால், அதுவே நமக்கு நிறைவு.

மரத்தின் பட்டையைக் காயப்படுத்தாமல் உளியை அளந்து ஓட்டத் தெரிந்த கைகள் உங்களுடையவை. அந்தக் கவனத்தில் ஒரு சிறு பங்கைக் காருக்கும் கொடுங்கள். அது உங்கள் குடும்பத்தைப் பத்திரமாக வீடு சேர்க்கும்.